முதல் இலையில் அமர்ந்தவர்

என் தாயின் கடைசித் தம்பி சென்ற மாதம் காலமானார். ஜப்பான் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிபடாமல் எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: "எங்க வீட்டுல ஒருத்தர் வந்து சாப்பிட்டார். அதனால நான் பிழைச்சேன்." கேட்டவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவரும் விளக்கியதில்லை. அந்தச் சாப்பாட்டைக் கண்ணால் கண்டவர்களில் இப்போது எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே என்பதால் எழுதிவைக்கிறேன்.

அம்மாவின் பிறந்த வீடு மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்தது. செட்டிகள் என்று ஊரார் அழைக்கும் அந்தச் சமூகம், எந்தக் காலத்திலோ தமிழ்க் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்து, இங்கேயே மணமுடித்து, மொழியைத் தொலைத்து, தெய்வங்களைத் தொலைக்காமல் வைத்துக்கொண்ட சமூகம். அம்மா கெபாயா என்னும் மலாய்ச் சட்டை அணிவாள், மலாயில் பேசுவாள், மாரியம்மனுக்கு விளக்கேற்றுவாள். அப்பாவோ தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியராகக் கப்பலேறி வந்தவர். அம்மாவின் அண்ணனான பெரிய மாமா அவரை 'சேகு' என்பார். மலாயில் வாத்தியாரை அப்படித்தான் அழைப்பார்கள். அப்பா அவரை 'மச்சான்' என்பார். இருவருக்கும் பொதுவாக இருந்தது முருகனும் நானும்தான்.

ஜப்பானியர் சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அந்த ஷோனானில் இந்தியாவுக்கென்று ஓர் அரசு அமைந்தது. அதற்கு அமைச்சர்கள் இருந்தார்கள், கொடி இருந்தது, படையும் இருந்தது. நாடு மட்டும் கடலுக்கு அப்பால் வேறொருவர் கையில் இருந்தது. நிலமில்லாத அரசுக்குக் குடிகளாவது வேண்டுமல்லவா? மலாயாவிலிருந்த எங்களையெல்லாம் அது தன் குடிகளாக ஏற்றுக்கொண்டது. அப்பா பூரித்துப்போனார். பள்ளி முடிந்ததும், அந்த அரசுக்கு ஆளும் பணமும் திரட்டிய சங்கத்துக்கு ஓடினார். வீட்டில் அரைக்கஞ்சி குடித்துவிட்டு உலக வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

பெரிய மாமாவுக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. அவர் பேசியது மலாய். என் காதில் ஏறியபடி தமிழில் தருகிறேன்.

"இத்தனை தலைமுறையா எங்களை யாரும் தேடல, சேகு. இப்ப என்ன திடீர்னு?"

"தாய்நாடு கூப்பிடுது, மச்சான்."

"சோறு திங்கக் கூப்பிடுற தாயைப் பாத்திருக்கேன். சாகக் கூப்பிடுற தாயை இப்பத்தான் பாக்குறேன்."

ஆனால் டுரியான் பழுக்கும் அந்த ஆண்டின் பழக்காலத்தில் மாமாவின் கேலி குறைந்துவிட்டது. கல்யாணமாகாத இளைஞர் உள்ள வீடுகளிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று ஜப்பானியர் உத்தரவிட்டார்கள். மாமா வீட்டில் அப்படி இருந்தவர் அம்மாவின் கடைசித் தம்பியான சின்ன மாமா. நன்றாகப் பாடுவார், பட்டம் விடுவார், வேலை என்றால் முதுகு வலிக்கிறது என்பார். ரயிலுக்குப் போன தோட்டத்து ஆட்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. இந்தியப் படையில் சேர்ந்தவரை மட்டும் ஜப்பானியர் தொடுவதில்லை. ஆகவே அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். ஷோனானிலிருந்து அரசின் பிரதிநிதி ஒருவர் மலாக்காவுக்கு வருகிறார். அவரை மதியச் சாப்பாட்டுக்கு மாமா வீட்டுக்கு அழைத்துவந்து, சின்ன மாமாவை அன்றே படையில் சேர்த்துவிடுவது.

"ரயிலுக்குப் போனா எலும்புகூட வராது. படைக்குப் போனா?" என்று அம்மா கேட்டாள்.

"பேராவது வரும்," என்றார் அப்பா.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்பா நாளைக் குறித்தபோது மாமா வீட்டாரிடம் கேட்கவில்லை. பெரிய காரியங்களில் இருப்பவர்களுக்கு வீட்டு விசேஷங்கள் நினைவில் நிற்பதில்லை. அவர் குறித்த நாள் பார்ச்சு நாளாக இருந்தது. பார்ச்சு என்பது செட்டிகள் இறந்துபோன தம் முன்னோருக்கு விருந்து வைக்கும் நாள். பொங்கலையொட்டி ஒன்று, பழக்காலத்தில் ஒன்று. கூடத்தில் பாயை விரித்து, வரிசையாக வாழையிலை போட்டு, சோறும் கறியும் பழமும், தட்டில் வைத்த கோப்பையில் காப்பியும் படைத்து, மெழுகுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்றி, கும்பிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். மாமா வீட்டில் உள்கதவை அடைத்துவிட்டு, வாசற்கதவை மட்டும் திறந்துவைப்பார்கள். வருகிறவர்கள் வர வேண்டுமே. அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டார் பின்கட்டில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு வீட்டின் மூத்தவர் உள்கதவைத் தட்டி, திறந்து, உள்ளே போவார். அதற்குப் பிறகே எங்களுக்குச் சாப்பாடு; அன்று விருந்தாளிக்கும் அப்போதுதான் இலை போடுவதாக இருந்தது.

அந்த ஆண்டு அந்தச் சாப்பாடு எனக்கு மிகவும் முக்கியமாக இருந்தது. நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே வளர்ந்துகொண்டிருந்தோம். பெரிய மாமி மாதக்கணக்கில் பிடிபிடியாக ஒளித்துச் சேர்த்த அரிசி அன்றுதான் உலையேறியது. ஒரு கோழி. மரத்திலிருந்து தானாக விழுந்த டுரியான். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் வாசனை, பசித்த பிள்ளையைப் பக்தியின் பக்கம் போகவிடாது. முன்னோர் மெல்ல உண்பவர்களாக இருக்க வேண்டும், குறைவாக உண்பவர்களாகவும் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அப்பா விருந்தாளியை எதிர்கொள்ளச் சாலைமுனைக்குப் போயிருந்தார். விருந்தாளியோ வேறு வழியாக வந்துவிட்டார். பின்கட்டில் நாங்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தபோது, வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. "வீட்ல யாருங்க?" பதில் சொல்லக்கூடாத நேரம் அது. மறுபடியும் அதே குரல். பிறகு பாய் நெரியும் சத்தம். பிறகு, தெளிவாக, ஒரு கோப்பை தட்டில் உரசும் சத்தம்.

பெரிய மாமி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். "வந்துட்டாங்க," என்றாள். "நிசமாவே வந்துட்டாங்க."

"தமிழ்லயா பேசுவாங்க?" என்றார் சின்ன மாமா கிசுகிசுப்பாக.

"பேசாத, வாயை மூடு. அந்தக் காலத்து ஆளுங்க தமிழ்தான் பேசுவாங்க," என்றாள் மாமி.

நான் பலகைச் சுவரின் இடுக்கில் கண்ணை வைத்தேன். காக்கிச் சீருடை அணிந்த ஒருவர், பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, சப்பணமிட்டு அமர்ந்து கோழிக்கறியைப் பிசைந்து உண்டுகொண்டிருந்தார். மெலிந்தவர், தாடையில் வெட்டுத் தழும்பு. இலை போட்டிருந்தால் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது அவர் ஊர் வழக்கம். பெண்கள் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"யாரு?" என்றார் பெரிய மாமா.

"அப்பாவோட அரசாங்கம்," என்றேன் நான்.

மாமா என்னை நகர்த்திவிட்டுத் தாமே பார்த்தார். அந்த நேரத்தில் அப்பா பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தார். நிலைமையைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு கணம் பிடித்தது.

"ஐயையோ. எந்த எலையில உக்காந்துட்டார்?"

"மொத எலையில," என்றார் மாமா, இடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் போய் எழுப்பிடுறேன், மச்சான்."

"நேரம் ஆகல. யாரும் உள்ள போகக்கூடாது."

"அவர் பெரிய அதிகாரி!"

"உள்ள இருக்கிறவங்க அவரைவிடப் பெரியவங்க. அவங்க முடிக்கட்டும்."

சின்ன மாமா முழங்காலில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பை அடக்கினார். அம்மா அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த மனிதரைப் புண்படுத்தி அனுப்பினால் தம்பிக்கு ரயில். புண்படுத்தாமல் வைத்துக்கொண்டால் தம்பிக்குத் துப்பாக்கி. என் கவலை கோழியைப் பற்றியது.

நேரம் வந்ததும் மாமா எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். இறந்தவர்களுக்குத் தட்டுவதுபோலவே உள்கதவை மரியாதையாகத் தட்டினார்.

"வாங்க, வாங்க, உள்ள வாங்க!" என்றது உள்ளிருந்து குரல்.

மாமா உள்ளே போய், பிரதிநிதிக்கு எதிரே பாயில் அமர்ந்தார். அப்பா பக்கத்தில் நின்றார். நாங்கள் நிலைப்படியோடு ஒட்டிக்கொண்டோம்.

"சாப்பாடு அமிர்தம்," என்றார் பிரதிநிதி. "மன்னிக்கணும், விடியக்காலையில கிளம்பினது, பசி தாங்கல. பாருங்க வாத்தியாரே, பாஷை போனாலும் எலை போகல. நாம எங்க இருந்தாலும் நாம நாமதான்."

அப்பா இதை மலாயில் சொன்னார். மாமா தலையசைத்தார்.

"அது யார் எலைன்னு அவர்கிட்ட சொல்லு, சேகு."

அப்பா தயங்கினார்.

"சொல்லு."

"ஐயா… இன்னிக்கு இவங்க வீட்டுல இறந்தவங்களுக்குப் படைக்கிற நாள். இந்த மொத எலை, கப்பல்ல மொத மொதல்ல வந்தவருக்கு."

பிரதிநிதியின் கை இலைமேல் நின்றது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மெழுகுவர்த்திகளை, ஆளில்லாத மற்ற இலைகளை, சுவரோரம் மடித்துவைத்திருந்த புதுத்துணியை.

"அவர் பேரு?"

"தெரியாதாம்."

"எந்த ஊர்க்காரர்?"

"அதுவும் தெரியாது. நம்ம கரைன்னு மட்டும் தெரியும்."

மாமா நேராக அவரைப் பார்த்து மெதுவாகப் பேசினார். "அவர் உங்க நாட்டுலேருந்து வந்தவர். வந்து இங்கயே இருந்துட்டார். இத்தனை வருஷமா சோறு வைக்கிறோம். எங்கள்ல ஒருத்தனையும் அவர் திரும்ப வரச் சொல்லிக் கேட்டதில்ல."

அப்பா அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். பிரதிநிதி கையை உயர்த்தினார். "வேணாம். எனக்கும் கொஞ்சம் மலாய் வரும்."

மாமா சின்ன மாமாவை அருகே அழைத்து உட்காரவைத்தார். "இவன்தான் நீங்க கேட்டு வந்த ஆளு. நீங்க உக்காந்தது எங்க மூத்தவர் எலையில. அந்த எலையில உக்காந்து நீங்க என்ன சொன்னாலும் இந்த வீட்டுல யாரும் மறுத்துப் பேச மாட்டோம். சொல்லுங்க, எங்க அனுப்பட்டும்?"

இதைவிடப் பணிவாக ஒருவரை மடக்கியதை என் நீண்ட வாழ்வில் நான் பார்த்ததில்லை. பிரதிநிதி சின்ன மாமாவின் கைகளைப் பார்த்தார். உழைத்துக் காய்ப்பேறாத கைகள்.

"மண் வெட்டத் தெரியுமா?"

"நல்லா வெட்டுவான்," என்றாள் அம்மா. பொய்.

"பக்கத்துல செங் கிராமத்துல சங்கத்துக்கு ஒரு மரவள்ளித் தோட்டம் இருக்கு, வாத்தியாரே. படைக்குச் சாப்பாடு போடவும் ஆள் வேணும்தானே? நாளைக்குக் காலையில அங்க அனுப்பிடுங்க. நம்ம ஆளுன்னு நான் சொல்லிடுறேன். ஜப்பான்காரன் வர மாட்டான்."

பெரிய மாமா இரு கைகளையும் கூப்பினார். பிரதிநிதி இலையிலிருந்த மிச்சத்தை, ஒரு பருக்கையும் விடாமல், நிதானமாக உண்டு முடித்தார். தம் இலையை மடித்தார். எழுந்து கை கழுவினார். பூட்ஸை மாட்டிக்கொண்டு, யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல், அப்பாவோடு சாலைவரை நடந்து போனார்.

போர் முடியும்வரை சின்ன மாமா செங்கில் கிழங்கு பயிரிட்டார். முதுகு வலிக்கிறது என்று அங்கும் சொன்னாராம். பிரதிநிதி அதே ஆண்டு வடக்கே, பர்மாப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டோம். அதற்குமேல் செய்தியில்லை. சமாதானம் வந்ததும் அப்பா பல இடங்களில் விசாரித்தார்; அந்த அரசைப் பற்றியே கேட்டறிய ஆளில்லாமல் போயிருந்தது.

அன்று விருந்தாளியை வழியனுப்பிவிட்டு அப்பா திரும்பியபோது, நான் கூடத்தில் முதல் இலையின் முன் மண்டியிட்டிருந்தேன். கோழியில் ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கப் போனவன், வேறொன்றைக் கண்டுபிடித்து மகிழ்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்தால் இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், அப்போதுதான் உறவு தொடரும் என்று அப்பா எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். இது மாறி மடிக்கப்பட்டிருந்தது. கீழ்ப்பாதி மேலேறி, வெளிப்பக்கமாக.

"அப்பா, இங்க பாருங்க," என்று சிரித்தேன். "இவ்வளவு பெரிய ஆளு, எலை மடிக்கத் தெரியல!"

அப்பா குனிந்து பார்த்தார்.

"அவருக்குத் தெரியும்டா," என்றார்.

நான் அதைத் திருப்பிச் சரியாக மடிக்கக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு தாமே அந்த இலையை, மடிப்புக் கலையாமல், இரு கைகளிலும் ஏந்திக் கொல்லைக்குக் கொண்டுபோனார். வரைபடத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்து நான் கண்டதில்லை. ஓர் இலைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை. வெளிப்பக்கமாக எப்போது மடிப்பார்கள் என்பதை அப்பா எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. சாவு வீட்டுப் பந்தியில் உட்காரும் வயது எனக்கு அப்போது வந்திருக்கவில்லை.