நுரை துடைத்தது போக மீதி

எங்க சலூன்ல ரெண்டு நாற்காலி. முதல் நாற்காலி எங்க அக்கா வீட்டுக்காரரோடது, ரெண்டாவது என்னோடது. மாமா சவரம் பண்ணிவிட்ட கன்னத்துல ஈ உட்கார்ந்தா வழுக்கி விழும். தொழில்ல குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயிலதான்.

ஒரு தடவை நுரை துடைக்கக் காகிதம் வேணும்னு, பழைய பேப்பர் கடையில அட்டை போன ஒரு தடிப் புத்தகத்தை எடைக்கு வாங்கிட்டு வந்தார். பார்த்தா இங்கிலீஷ் அகராதி. அதுவும் இங்கிலீஷ்காரனே தலைமுழுகிட்ட வார்த்தைகளுக்கான அகராதி. 'எஃப்' வரைக்கும் ஊர்க்காரங்க கன்னத்து நுரையோட குப்பைக்குப் போன பிறகுதான் மனுஷன் அதைப் படிச்சுப் பார்த்திருக்கார். படிச்சவர் கிழிக்கிறதை நிறுத்திட்டார். பிடிச்சுது சனி.

அன்னையிலேருந்து தினம் ஒரு வார்த்தை. கடைக்கு வர்ற முதல் ஆளோட கழுத்துல கத்தியை வச்சுட்டுத்தான் ஆரம்பிப்பார். "சார், க்ரோக்னா என்னன்னு தெரியுமா? அடுத்தவன் சாப்பிடுறப்போ நமக்கும் ஒரு வாய் தருவானான்னு பக்கத்துல நின்னு பார்க்கிறது." கழுத்துல கத்தி இருக்கும்போது எவன் தலையாட்டுவான்? கண்ணை மட்டும் உருட்டுவாங்க. மாமா அதை ஆர்வம்னு எடுத்துக்குவார். 'டிக்ஷனரி'ன்னு ஊரே அவருக்குப் பேர் வச்சுது.

ஆனா கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த வார்த்தையைக் கேட்டாக வேண்டிய ஆள் ஒருத்தி உண்டு. எங்க அக்கா. காலையில அவ டீயைக் கையில கொடுக்கும்போது மாமா வார்த்தையைச் சொல்வார், அர்த்தத்தையும் சொல்வார். அக்கா அடுப்பைப் பார்த்துக்கிட்டே, "அதுக்கென்ன இப்போ?"ன்னு கேட்பா. அதுக்கு மாமாகிட்ட பதில் கிடையாது. டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிடுவார். குடும்பம் இப்படியே நல்லாத்தான் ஓடிச்சு.

போன மழைக்காலத்துல அக்கா குளியலறையில விழுந்துட்டா. பக்கவாதம். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிச்சு. பேச்சு திரும்பல. நாம பேசுறது புரியும், வாயைத் திறந்தா காத்துதான் வரும். வாய் ஓயாம எங்களையெல்லாம் திட்டிக்கிட்டிருந்தவ.

ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா மாமாவை உட்கார வச்சுச் சொன்னாங்க. "வீட்டுல தினமும் அவங்க காதுல விழுந்தது எதுவோ, அதையே சொல்லுங்க. சொல்லிட்டு பதிலுக்குக் காத்திருங்க. வந்தா இப்போ வரணும். நாள் போகப் போகக் கஷ்டம்."

தண்ணி, சோறு, கதவு, தலைவலி. எந்த மனுஷனும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பான். மாமா கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"அந்தம்மா சொன்னதைத்தான் மாப்ள. உங்க அக்கா காதுல தினமும் விழுந்தது இதுதானே?"

எனக்கு வந்துதே கோபம். "மனுஷனா நீங்க? தண்ணி வேணும்னு கேட்க முடியாம தவிக்கிறா. இங்கிலீஷ்காரன் தூக்கிப் போட்டதைப் பொறுக்கிட்டு வந்து அவ தலையில கொட்டுறீங்களே!" தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கத்தினது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்.

மாமா காதுலயே வாங்கல. அவரே டீ போடக் கத்துக்கிட்டார். கண்றாவியா இருக்கும். தம்ளரை அக்கா கையில கொடுத்து, வார்த்தையைச் சொல்லி, அர்த்தத்தையும் சொல்லி, எதிர்ல உட்கார்ந்து அவ வாயையே பார்த்துக்கிட்டிருப்பார். ஒண்ணும் வராது. டீ ஆறிடும். 'கென்ச்'னு ஒண்ணு வந்துது, சத்தம் போட்டுச் சிரிக்கிறதாம். யாரும் சிரிக்கல.

கடையில வார்த்தை சொல்றதை நிறுத்திட்டார். "என்ன டிக்ஷனரி, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு ஆளுங்களே கேட்க ஆரம்பிச்சாங்க. "கத்தி சரியில்ல சார், கவனம் அதுல இருக்கு"ன்னுவார். கத்தி நல்லாத்தான் இருந்துது.

அப்படியே புத்தகத்துல 'ஓ' வரைக்கும் வந்துட்டார். அன்னைக்குக் காலையில கடைச் சாவி வாங்க நான் போயிருந்தேன். மாமா முகத்துல தாடி மண்டிக் கிடக்குது. சவரக் கடை வச்சிருக்கிறவருக்கு இது அழகா?

"ஓவர்மாரோ"ன்னார் அக்காகிட்ட. "நாளன்னிக்குன்னு அர்த்தமாம்மா. அவங்க பேச்சுல இப்போ அது செத்துப் போச்சாம். நாளைக்கு அடுத்த நாள்னு சுத்தி வளைச்சுத்தான் சொல்றாங்களாம். பாவம்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நாளன்னிக்குன்னு பால்காரர்கூடச் சொல்லிட்டுப் போறார். இதுக்கு ஒரு தடிப் புத்தகம், இதுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி! நாலு வார்த்தை கேட்டுடலாம்னு வாயைத் திறந்தேன். எனக்கு முன்னாடி வேற ஒரு குரல் கேட்டுது. கரகரன்னு, இழுத்து இழுத்து.

"அதுக்... கென்ன... இப்போ?"

அக்காதான். அடுப்புப் பக்கம் பார்த்துக்கிட்டே கேட்டா.

மாமா எழுந்தார், உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார். இத்தனை வருஷமா பதில் தெரியாத கேள்விக்கு அன்னைக்கும் அவர்கிட்ட பதில் இல்ல. "ஒண்ணுமில்லம்மா"ன்னார். "ஒண்ணுமே இல்ல. நீ டீயைக் குடி." நான் அழுதுட்டேன், சொல்றதுக்கென்ன.

அக்கா ஒரு வாய் குடிச்சா. முகத்தைச் சுளிச்சா. "த்தூ"ன்னா. அதை ரெண்டாவது வார்த்தைன்னு மாமா இன்னைக்கும் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார், கழுத்துல கத்தியை வச்சுட்டு.