பைண்டர் பரிந்துரைத்த இரண்டு கதைகள்

காலையில் பைண்டர் நீட்டிய காபியை மாமியார் வாங்கவில்லை. "முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க மாப்ள" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே பைண்டர் நூலகத்துக்கு வந்தார். கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடுவது அவர் வேலை. தைக்கும்போதே படித்தும் விடுவார். அதனால் குளிர்காலத்தில் போர்வைக்குள் முடங்கிப் படிக்க எது நல்லது என்று எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள்.

போன வாரம் அவர் சொன்ன கொலைக்கதையோடு தபால்காரம்மா வந்தார். "பிரமாதம்ண்ணே! கொலைகாரனைத் தேடிட்டிருந்த போலீஸ்காரர், பாதியில பனிமலைக்கு ஆடு மேய்க்கப் போயிட்டாரே!"

பைண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏது ஆடு? புத்தகத்தைப் புரட்டினார். பின்பாதி, அவர் தைத்த இன்னொரு புத்தகத்தின் ஆடு மேய்ப்பவன் கதை. தையல் மட்டும் சாட்சாத் அவருடையது. தைத்த அன்றைக்கு இந்த இரண்டு புத்தகங்களையும் ஒன்றாகப் பிரித்துப்போட்டுப் படித்தது வினை.

அப்படியானால் கொலைக்கதையின் முடிவு ஆடு மேய்ப்பவன் கதையில் அல்லவா இருக்கும்? மனசுக்கு இதமாக இருக்கும் என்று அதை அவர் மாமியாரிடம் கொடுத்திருந்தார்.

அந்த முடிவில், காபியில் விஷம் கலப்பது வீட்டு மாப்பிள்ளைதான்.