பாட்டு கேட்டால் ஓடிய கால்கள்

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் முழுக்க ரேடியோ செட் கட்டுவது என் அண்ணன்தான். ராத்திரி பதினொன்று வரை பாட்டு. மறுபடி விடியற்காலை நாலரைக்குத் தொடங்கிவிடுவான். குழாய் ஸ்பீக்கரில் ஒன்று எங்கள் வீட்டை ஒட்டிய கம்பத்தில். நடுவில் நன்றாகத் தூங்கினேன் என்று எங்கள் தெருவில் யார் சொன்னாலும் பொய்.

செல்போனில் பாட்டு வராத காலம். நான் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். முதலில் எழுத்துத் தேர்வு, தேறினால் ஓட்டம். வயது வரம்புப்படி அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. விட்டால் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியே கதி.

கோயிலுக்குப் பின்னால் இருந்த ஸ்கூல் மைதானத்தில் ஓடுவேன். ஆனியில் நன்றாகத் தூங்கி எழுந்து ஓடியபோதே மூன்றாவது சுற்றில் விலா பிடித்துக்கொள்ளும். ஆடியில் கண் எரிய எரியப் போனேன். ஆனால் உடுக்கையோடு அம்மன் பாட்டு கிளம்பியதும் கால் தானாகத் தூக்கும். ஐந்து சுற்று, ஆறு சுற்று. அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான்.

“அடுத்தது இன்னும் வேகமா போடட்டா, குதுர?”

“பாட்ட மட்டும் போடு. நீ பாடித் தொலைக்காத!”

அந்த விடிகாலைக் காற்றும், வாயில் புழுதி ருசியும், தெருவே எனக்காகப் பாடுகிற மாதிரி இருந்ததும் இனி எங்கே கிடைக்கப்போகிறது.

கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வந்த பியூஸ் கட்டைகளை இரண்டிரண்டாகத் தட்டிப் பார்க்கணும். கணீர் என்றால் நல்லது, ‘டொப்’ என்றால் விரிசல். ஒருநாள் நான் கட்டி அனுப்பிய பெட்டியை மேஸ்திரி அப்படியே என் முன்னால் கவிழ்த்தார்.

“தட்டும்மா. இது என்னா சத்தம்?”

தட்டினேன். டொப்.

“காத எங்க கழட்டி வெச்சிட்டு வந்த? இதோட நாலு பெட்டி.”

“சூளையில சரியா வேவல. என்னைச் சொல்றீங்க” என்று எகிறினேன். காதில் சத்தம் விழுந்திருக்கிறது, மண்டையில் ஏறவில்லை. அதை ஒத்துக்கொள்ளும் புத்தி எனக்கு இல்லை.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் ஏணியோடு வந்து நின்றான்.

“நம்ம வூட்டுக் குழாய கழட்டிடறேன். இன்னிக்காச்சும் தூங்கு.”

“வேணாம். காலைல ஓடிட்டுதான் பரீட்சைக்குப் போவேன். பாட்டு இல்லாம வராது.”

“படிக்கறதுக்கு தல வேணும்டி.”

“ஒரு மாசமா தூங்காமதான் ஓடறேன். வேகம் கொறஞ்சிருக்குதா? நீயே பாக்கற இல்ல?”

அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

காலையில் எட்டு சுற்று ஓடினேன். அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. அந்தத் திமிரோடு பஸ் ஏறினேன். தேர்வு அறையில் பாட்டு ஏது? ஃபேன் சத்தம்தான். ஒரே கேள்வியை மூன்று தடவை படித்தேன், கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்தது. கடைசிக் கேள்விக்கு வந்து பார்த்தால் விடைத்தாளில் அதற்கு வட்டமே இல்லை. நடுவில் எங்கேயோ ஒரு வரிசையை விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே எல்லாம் ஒன்று தள்ளி. பேனாவில் கருப்படித்ததை எப்படி அழிப்பது? மணி அடித்துவிட்டார்கள்.

பட்டியலில் என் நம்பர் இல்லை. அண்ணன் தன் செட்டைத்தான் திட்டினான்.

“சனியன் புடிச்ச குழா. நான் அன்னிக்கே கழட்டியிருக்கணும்.”

“குழா என்னா பண்ணும்? வேணாம்னு சொன்னவ நான்.”

வயரைச் சுருட்டி மூலையில் போட்டான். பிறகு, “ஆனா ஓட்டத்துல உன்ன எவளும் அடிச்சிருக்க முடியாது” என்றான்.

“ஓட எங்க கூப்புட்டாங்க?” என்று கத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.