சம்பந்திக்கு மாட்டிய மீன்

கடைத்தெரு முடுக்கில் இருக்கிற தையல்காரரைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. அவர் தைத்த சட்டையை அவருக்கே மாட்டிவிட்டால் ஆணியில் தொங்குகிற மாதிரி இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் குனிந்த தலை நிமிராமல் தைப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினுக்கு உறை போட்டதும், கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே கவிழ்த்துக் கிடக்கிற படகை, குதிரையைத் தடவுவது போல ஒரு தடவு தடவிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

படகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் தும்மினால் கவிழ்ந்துவிடும். நங்கூரம் கிடையாது. மூடி உடைந்த பழைய கரி இஸ்திரிப்பெட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார். அதிலும் குளிர்காலத்துக் கடல் மேல்தான் அவருக்குப் பித்து. "குளிர்ல மீனுக்கு உடம்பு வணங்காது. ஓடாது, சுலபமா மாட்டும்" என்பார். மாட்டியது என்னவோ சளிதான்.

அவர் மனைவிக்கு அந்தப் படகைக் கண்டாலே ஆகாது. பதினோரு வருஷமாக அடுப்படிக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போகிறவள். அவள் கோபப்படுவதில் தப்பே இல்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் சம்பந்தி விவகாரம் வேறு. மகளைக் கொடுத்த இடம் ரொட்டிக்கடைக்காரர் வீடு. மனிதர் நல்ல பருமன். கல்யாணத்துக்கு அவருக்கு நீலக் கோட்டு தைத்துக் கொடுத்தது நம் தையல்காரர்தான். அளவெடுக்கும்போது சம்பந்தி மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை எங்கேயோ ஒளித்துவைத்துக்கொண்டு நின்றார். சம்பந்தியைப் போய் "மூச்சை விடுங்க" என்று சொல்ல முடியுமா? மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு, ஒளித்துவைத்த அளவுக்கே தைத்துவிட்டார். கல்யாணத்தன்று சம்பந்தி வாழ்த்திப் பேச எழுந்து ஒரு நீள மூச்சு எடுத்தார். நடுப் பொத்தான் தெறித்துப் போய் போட்டோக்காரர் நெற்றியில் பட்டது. வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சம்பந்தி மூடிய வாய். ஒரு வருஷமாக "வாங்க", "உட்காருங்க", "கிளம்பறீங்களா" இந்த மூன்றைத் தவிர சம்பந்தியிடமிருந்து நான்காவது சொல் வரவில்லை. நடுவில் கிடந்து திண்டாடியது மகள்தான்.

ஒரு நாள் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "இந்தச் சனி ஞாயிறு சம்பந்தியையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க வீட்ல பேசியாச்சு. கரைக்கு வரும்போது அவர் சிரிச்சுக்கிட்டே வரணும். இல்லேன்னா திங்கக்கிழமை உங்க படகு விறகுக்கடைக்குப் போயிடும்."

"மனுஷன் ஒரு வருஷமா சிரிக்கல. நடுக்கடல்ல குளிர்ல சிரிப்பாரா?"

"அது உங்க சாமர்த்தியம்."

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் ரொட்டிக்கடைக்காரர் மூன்று கம்பளிச் சட்டையோடு வந்து நின்றார். பேசாமலே வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. படகின் முன்பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முன்பக்கம் இறங்கியது. பின்பக்கம் தையல்காரரைத் தூக்கிக்கொண்டு மேலே போனது.

"சௌகரியமா இருக்கா சம்பந்தி?"

"எனக்கென்ன. நீங்கதான் மாடியில இருக்கீங்க."

துடுப்பு பாதி நேரம் தண்ணீரைத் தொட்டது, பாதி நேரம் காற்றைத் துழாவியது. எப்படியோ போய்ச் சேர்ந்து இஸ்திரிப்பெட்டியை இறக்கினார்கள். தையல்காரர் ஆளுக்கொரு தூண்டில் எடுத்தார். கடையில் வாங்கிய நைலான் நரம்பு இல்லை. கோட்டுப் பொத்தானுக்கு வைக்கிற தடித்த நீல நூலை நாலு இழையாக முறுக்கி, மெழுகு தடவி, தானே செய்தது.

"இந்த நூல் ஜென்மத்துக்கும் அறாது, சம்பந்தி."

"இதைக் கல்யாணத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சிருக்கலாம்."

தையல்காரர் வலப்பக்கம் போட்டார், சம்பந்தி இடப்பக்கம் போட்டார். ரொட்டி மாவைப் பிசைந்து முள்ளில் குத்தியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. கால் மரத்தது, மூக்கு எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. திடீரென்று தையல்காரர் நூல் விண்ணென்று இழுத்தது. அதே நேரம் முன்பக்கத்திலிருந்து, "சம்பந்தி, மாட்டிடுச்சு" என்று சத்தம்.

"எனக்கும்தான்" என்று சொல்ல வாயெடுத்தவர், 'அவருக்கு மாட்டியதுதான் முக்கியம்' என்று தன் நூலைத் தளர்த்தினார்.

"வருது, வருது" என்றார் சம்பந்தி.

தையல்காரர் நூலைப் பிடித்தார்.

"ஐயோ, நின்னுடுச்சு. பலசாலி."

தளர்த்தினார். "வருது." பிடித்தார். "முரண்டு பண்ணுது." முப்பத்தைந்து வருஷமாக நூலைப் பிடித்த விரலுக்குத் தெரியாதா? இரண்டு தூண்டிலும் படகுக்கு அடியில் போய் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டிருந்தன. சம்பந்திக்கு மாட்டியிருப்பது தையல்காரர்தான்.

சொல்லிவிடலாம் என்று திரும்பினார். சம்பந்தியின் காது இரண்டும் சந்தோஷத்தில் சிவந்திருந்தது. ஒரு வருஷத்துப் பேச்சு மொத்தமும் அவர் வாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "இது சாதாரண மீனில்ல சம்பந்தி. யோசிச்சு யோசிச்சு இழுக்குது. குடும்பஸ்த மீன் போல."

இந்த வாயை மூட யாருக்கு மனசு வரும்? தையல்காரர் மீனாகவே இருந்துவிட்டார். இழுத்தார், விட்டார், வாலை ஆட்டுவது போல நூலை உதறினார். ஒன்றரை மணி நேரம். விரலில் உணர்வே போய்விட்டது.

மீன் களைத்துவிட்டது என்று நினைத்த சம்பந்தி, இழுத்துப் போட எழுந்து நின்றார். படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரை முகந்தது. இனி தாங்காது. தையல்காரர் சட்டைப்பையில் இருந்த சின்னக் கத்திரியை எடுத்துத் தன் பக்கத்து நூலை நறுக்கினார்.

சம்பந்தி தொப்பென்று உட்கார்ந்தார். பின்பக்கம் துள்ளிய துள்ளலில் தையல்காரர் ஒரு சாண் மேலே போய் வந்தார். "போச்சே" என்று நூலைச் சுருட்டின சம்பந்தி, அது முடிகிற இடத்தில் நின்றுபோனார். அவர் முள். அதைக் கட்டிப்பிடித்தபடி இன்னொரு முள். அதன் பின்னால் ஈரம் சொட்டச் சொட்ட நீல நூல். அதன் நுனியோ, தெறித்து அறுந்தது மாதிரி இல்லை, கத்திரியில் வெட்டியது.

அன்று முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தார். கத்திரி தையல்காரர் கையிலேயே இருந்தது. தையல்காரர் கண்ணுக்குள் படகு துண்டு துண்டாக விறகுக்கடையில் அடுக்கியிருந்தது.

"இவ்வளவு நேரம் இழுத்தது நீங்களா?"

"ஆமா சம்பந்தி."

"நடுவுல வாலை ஆட்டுச்சே?"

"அதுவும் நான்தான்."

முதலில் சம்பந்தியின் வயிறு குலுங்கியது. அப்புறம் தோள், அப்புறம் படகு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வாலை ஆட்டினாராம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேர் வீட்லயும் அங்க நிக்கறாங்க. தப்பிச்ச மீனு எவ்வளவு நீளம்னு சொல்றது?"

"உங்க இஷ்டம்."

"உங்க உயரத்தையே சொல்லிடறேன். பொய் சொன்ன பாவம் வேணாம்."

கரையில் அவர் கையை விரித்து விரித்துச் சொன்ன அழகில், தையல்காரர் மனைவி ஒன்றும் கேட்காமல் படகின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி உதவினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோழிகூட எழுந்திருக்காத நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் சம்பந்தி. கக்கத்தில் சூடான ரொட்டிப் பொட்டலம், மேலே நாலாவதாக ஒரு கம்பளிச் சட்டை.

"கிளம்புங்க. நேத்து ஒத்தை ஆளா கஷ்டப்பட்டீங்க. இன்னைக்கு நீங்க பிடிங்க, நான் மீனா இருக்கேன்."

தையல்காரர் அவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"கொஞ்சம் பார்த்து இழுங்க சம்பந்தி" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "எனக்கு நீந்தத் தெரியாது."