மூடிவிட்டுத் திறந்தவள்

குளிர் மிகுந்த எங்கள் வடநாட்டின் மேற்குக் கரையோரம் இருக்கும் கூட்டுறவு நிலையம் மூவாயிரம் வீடுகளுக்குக் குழாயில் வெந்நீர் அனுப்புகிறது. அதில்தான் அறைகள் சூடாகின்றன. நிலையத்தின் கணினிகளைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கூட்றுன் பிஸ்கோர் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள்.

ஜனவரியில் புதிய ஃபயர்வால் வந்தது. வெளி இணையத்துக்கும் எங்களுக்கும் நடுவே நின்று எது போகலாம், எது வரலாம் என்று தீர்மானிக்கும் பெட்டி. பழையதில் இருநூற்றுப் பதினான்கு விதிகள் சேர்ந்துபோயிருந்தன. பாதி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அப்படியே புதியதில் ஏற்றிவிடலாம் என்றார் தலைவர் ஹெனிங்.

"ஒண்ணையும் ஏத்த மாட்டேன்," என்றாள் கூட்றுன். "எல்லாத்தையும் மூடிட்டு ஆரம்பிக்கிறேன். யாருக்கு எது நிக்குதோ அவங்க வந்து கேக்கட்டும்."

"இந்தக் குளிர்லயா?"

"கோடைல கேக்கறதுக்கு யாரு இருக்கீங்க? எல்லாரும் லீவுல போயிடுவீங்க."

ஹெனிங் மறுநாள் மாலை நாலு மணிவரை தவணை கொடுத்தார். அதற்குள் எல்லாம் ஓடாவிட்டால் பழைய பெட்டியும் அதன் ஓட்டைகளும் திரும்பி வரும்.

காலையில் காபிக் கோப்பையோடு அவள் அறை வாசலில் வரிசையில் நின்றோம். வங்கி, அச்சுப்பொறி, மின்னஞ்சல். கேட்டதை மட்டும் திறந்தாள். மதியத்துக்குள் பத்தொன்பது விதிகள். அவசரமே படவில்லை.

இரண்டரைக்கு இயக்கப் பிரிவுத் தலைவர் தாகே வந்தார்.

"வடக்கு பம்பு நிலையத்தோட சூடு திரையில வரலை. மொத்தமா தொறந்து விடு."

"எங்கேர்ந்து எங்கே போகுது, சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும்? பதினோரு வருஷமா வந்துச்சு."

அவள் ஃபயர்வாலின் பதிவைப் பார்த்தாள். "உன் பம்பு நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டுக்குப் பேசப் பாக்குது."

"பம்புக்கு வெளிநாட்டுல என்ன வேலை?"

"அதான் நானும் கேக்கறேன். வண்டிச் சாவிய எடு."

நானும் அவர்களோடு போனேன். வடக்கு நிலையத்தில் குட்டிக் கருவி ஒன்று இருந்தது. பம்பு விற்றவர்கள் தங்கள் வசதிக்கு வைத்துவிட்டுப் போனது. நம் வெந்நீரின் சூடு அவர்களுடைய கணினிக்குப் போய், அங்கிருந்து நம் திரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூட்றுன் கருவியில் முகவரியை மாற்றி, நேராக நம் கட்டுப்பாட்டு அறைக்கே அனுப்பவைத்தாள். அதற்கு ஒரே ஒரு விதி போதுமாக இருந்தது.

மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தோம். திரையில் சூடு எழுபத்தொன்று டிகிரி. தாகே பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்திரண்டு ஆனது.

"முன்னல்லாம் இப்படி உடனே மாறாதே."

"முன்ன நீ பாத்ததெல்லாம் வெளிநாட்டுல தங்கிட்டு வந்தது, கால்மணி நேரம் பழசு."

தாகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குளிர் ஏறும் இரவுகளில் அந்த எண்ணை நம்பி வால்வைத் திருப்பியவர்.

சரியாக நாலுக்கு ஹெனிங் கதவில் நின்றார். "பழசை மாட்டிடலாமா?"

கூட்றுன் வாய் திறப்பதற்குள் தாகே சொன்னார்: "மாட்டு. நாளைக்கு ராத்திரி அந்தப் பழைய எண்ண நம்பி வால்வத் திருப்ப நீயே வந்துடு."