நைட் ஷிப்ட் வாரத்துப் படங்கள்

எனக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. வரைய வைத்தது என் கணவருடைய நைட் ஷிப்ட். அவருக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. நைட் ஷிப்ட் வாரம் வந்தால் காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். மத்தியானம் தாண்டும்வரை கம்பெனி கொடுத்த எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சத்தம் கூடாது. மிக்சி ஓடக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கப் போகும் நேரத்தை மோப்பம் பிடித்து அடுப்பை அணைக்கக் கற்றுக்கொண்டேன். ஜன்னல் சாத்தியிருந்தால் கீரைக்கார அம்மாகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவார். துணி துவைத்தால் சத்தம், பாத்திரம் கழுவினால் சத்தம். சத்தம் போடாத ஒரே வேலை பென்சில் பிடிப்பதுதான்.

தாளுக்கு எங்கேயும் போகவில்லை. வடலூர் கடைகளில் தரும் மாதக் காலண்டரில் முடிந்த மாதத்தைக் கிழித்தால் பின்பக்கம் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். முன்பக்கத்தில் ஒவ்வொரு தேதிக்கும் மேலே அவருக்கு அன்று என்ன ஷிப்ட் என்று குறித்திருப்பேன். அதனால் எந்தப் படத்திலும் நான் தேதி போட்டதில்லை. திருப்பிப் பார்த்து ஒரு மாதம் கூட்டிக்கொண்டால் எப்போது வரைந்தது என்று தெரிந்துவிடும்.

போன மாதம் அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். சாமான் கட்டும்போது பரண்மேல் இருந்த காலண்டர் கட்டை இறக்கினேன். இப்போது பார்த்தாலும் படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. தன்னடக்கம் எல்லாம் எனக்கு ஒத்துவராது. வாயைத் திறந்துகொண்டு அவர் தூங்குவது, கரண்ட் போன நாளில் தரையில் ஈரத்துண்டை விரித்துத் தூங்குவது, கட்டிலுக்கு அடியில் பலாப்பழம் இருக்க அதன் வாசனையில் தூங்குவது, பள்ளிக்கூடப் பையோடு மகள் பூனை நடை நடந்து அவரைத் தாண்டுவது. எங்கள் குடும்பம் முழுக்க அதில் இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். "புது வீட்டு ஹால்ல உன் படம் ஒண்ணு பெருசா மாட்டணும்மா. அப்பாவே செலக்ட் பண்ணட்டும்."

அவர் சம்மணம் போட்டுக் கட்டைப் பிரித்தார். இத்தனை வருடத்தில் அவற்றை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லை. அவர் விழித்திருக்கும்போது நான் வரைவதில்லை. விழித்தவருக்குச் சோறு போட வேண்டுமே. முதலில் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். பிறகு கை வேகமாகப் புரட்டத் தொடங்கியது.

"என்னா இது? எல்லாத்துலயும் நான் தூங்கிகினே இருக்கறேன்?"

"பின்னே? முழிச்சிருந்தா நீங்க சும்மா உக்காந்திருப்பீங்களா, நான் வரையறதுக்கு?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீ வரைஞ்சிகினு இருக்கற, பாப்பா வளந்துகினு இருக்கறா. நான் மட்டும் அப்படியே படுத்துகினு இருக்கறேன். இந்த வூட்ல நான் இருக்கவே இல்ல போல. தூங்கறதுக்கு மட்டும் வந்துட்டுப் போயிருக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. இவர் யாருக்காகத் தூக்கத்தைப் பகலுக்கு மாற்றிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வேலையிலிருந்து ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகாத மனுஷன், தன் வாழ்க்கை எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு என் படங்களுக்குள் நுழைந்திருக்கிறார். அங்கே அவர் கண்ணைத் திறந்திருக்கும் ஒரு தாள்கூட இல்லை.

"நான் கண்டதத்தான் வரைஞ்சேன். ஒண்ணையும் மாத்த மாட்டேன்" என்றேன். "வேணும்னா இப்ப உக்காருங்க. கண்ணு முழிச்ச மாதிரி ஒண்ணு போட்டுத் தரேன்."

"வேணாம். இப்ப முழிச்சிகினு இருந்து என்னா பண்றது?"

அவர் மீதித் தாள்களைக் கட்டப் போனார். நான் விடவில்லை. ஒன்றை மட்டும் தேடி உருவினேன். மகள் முதன்முதலில் எழுந்து நின்ற அன்று வரைந்தது. எங்கள் வீட்டில் அது பழைய கதை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்வோம்: கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்பா அப்போதும் குறட்டை. எல்லாரும் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"இதுல பாருங்க. பாப்பாதான் படமே. நீங்க சும்மா ஓரத்துல" என்று கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

"கட்டிலப் புடிச்சிகினு நின்னான்னுதானே சொல்லுவ?"

"ஆமா."

"இது கட்டிலா?"

எழுந்துபோய்ப் பார்த்தேன். தூங்குகிறவரின் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. குழந்தையின் பிடிக்குள் இருப்பது கட்டிலின் இரும்பு இல்லை. அந்தப் பிஞ்சு முஷ்டிக்கு வெளியே ஒரு விரல் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது, கோணலாக.

அவருக்கு இடது சுண்டுவிரல் நிமிராது. சின்ன வயதில் திருவதிகையில் பலாப்பழம் அறுக்கும்போது கத்தி பட்டு வளைந்தது. அன்று கண் பார்த்ததைக் கை அப்படியே வரைந்திருக்கிறது. அப்புறம் என் வாய்தான் கட்டில் கட்டில் என்று சொல்லிப் பழகிவிட்டது. எத்தனை முறை அந்தத் தாளை எடுத்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் மகளின் முகத்தையே பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன். அந்த விரல் யாருடையது என்று பார்க்க, அதற்குச் சொந்தக்காரரே வர வேண்டியிருந்தது.

அவர் தன் இடது கையைத் தாளுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தார்.

"நிக்கறவ புடிச்சி இழுத்திருப்பா இல்ல? நான் கையை எடுக்கல பாரு."

"எடுக்கல" என்றேன்.

சாயங்காலம் அவரே மகளுக்குப் போன் செய்து, படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார். எந்தப் படம் என்று கேட்டதற்கு, வந்து பார் என்று வைத்துவிட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இதுலயும் தூங்கிட்டுத்தானே இருக்கீங்க. வர்றவங்க பாத்துச் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சிகினு போவட்டும்" என்றார், தாளின் ஓரத்தைத் துண்டால் துடைத்தபடி. "அவங்களுக்கு என்னா தெரியும்? நான் டூட்டியில இருக்கறேன்."