அறை எண் 61-க்குப் போவது எப்படி

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் மகளைச் சேர்த்திருக்கும் வாசகி ஒருவர், அந்தப் பக்கம் போன அனுபவம் உண்டா, உண்டென்றால் வழி எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். உண்டு. 1991 ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை போனேன். அன்றைக்கு அங்கே கார்த் தொழிற்சாலையும் கம்பெனி பஸ்ஸும் கிடையாது. இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவில் குழிகள், குழிகளை இணைக்க ஆங்காங்கே கொஞ்சம் தார். வழி இன்று மாறியிருக்கும். விடுதிகள் அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை என்பதால் எழுதத் துணிகிறேன்.

போன காரணம் என் அக்கா மகன் ரவி. இரண்டாம் ஆண்டு மாணவன். அக்கா இருந்தது நெய்வேலியில், நான் மாம்பலத்தில். அதனால் அஞ்சலட்டை எனக்கு வந்தது. "மாமா, நாலு நாளா ஜுரம். வந்து கூட்டிட்டுப் போங்க. ரூம் 61." அட்டை வந்துசேர மூன்று நாள் ஆகியிருந்தது. ஆக, ஏழு நாள் ஜுரம்.

மாம்பலத்தில் காலை 7.10-க்கு மின்சார ரயில். தாம்பரத்தில் 7.45-க்கு இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, 55 நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். படப்பை வரை 14 கிலோமீட்டர், அதற்கு மேல் ஆறு. டிக்கெட் இரண்டே முக்கால் ரூபாய். நடத்துநரிடம் விடுதியில் இறக்கிவிடச் சொன்னேன்.

"காலேஜுன்னா அடுத்த ஸ்டாப்பு சார். ஹாஸ்டலுன்னா இங்கயே எறங்கிக்கங்க. போர்டு ஒண்ணு கீது. அத மட்டும் நம்பாதீங்க" என்றார்.

பலகை பெரிதாகத்தான் இருந்தது. அம்புக்குறி வலப்பக்கத்து ஏரியைக் காட்டியது. முதலில் அதை ஒரகடத்திலிருந்து வருபவர்கள் பார்க்கும்படி நட்டிருந்தார்களாம். புயலில் விழுந்ததும், தாம்பரத்திலிருந்து வருபவர்களே அதிகம் என்று யாரோ யோசித்து, இந்தப் பக்கம் திருப்பி நட்டுவிட்டார்கள். அம்புக்குறியும் கூடவே திரும்பும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் இடப்பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதையில் நடந்தேன். 9.50-க்கு விடுதி.

கட்டடம் மூன்று மாடி. முதல் மாடியில் 58, 59, 60 என்று வரிசையாக வந்த கதவுகளுக்கு அடுத்த கதவில் 17 என்று தகரத் தகடு திருகியிருந்தது. அதற்கு அடுத்தது 104. பதினேழில் ஒரு பையன் சவரம் செய்துகொண்டிருந்தான். பெயர் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரன். 61 எங்கே என்று கேட்டேன்.

"அது மொட்டமாடிப் படிக்கட்டுப் பக்கம் இருக்கு அண்ணாச்சி."

"60-க்குப் பக்கத்தில் இல்லையா?"

"60-க்குப் பக்கத்துல நான்லா இருக்கேன்."

முகத்தில் சோப்பு காய்வதைப் பொருட்படுத்தாமல் அவன் விளக்கினான். மெஸ், தபால், உடைந்த கண்ணாடிக்கு அபராதம், எல்லாம் அறை எண்ணை வைத்துத்தான். என்றோ ஒருவன் அறை மாறியபோது, பதிவேட்டில் எண்ணை மாற்ற வார்டன் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இல்லை என்று அலுவலக எழுத்தர் சொல்லியிருக்கிறார். அவன் பொறியியல் மாணவன் அல்லவா, திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்றிப் புது அறைக் கதவில் மாட்டிக்கொண்டான். பதிவேடு அப்படியே சரியாக இருந்தது. அன்றுமுதல் இங்கே எண் அறைக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். ஆள் எங்கே போனாலும் தகடு கூடவே போகும். தகடு இல்லாத கதவு காலி என்று அர்த்தம். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்த பையனுக்கு அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள்.

"ஒரு வருசத்துல பழகிரும்" என்றான். படிப்பே நான்கு வருடம்தான்.

மூன்றாவது மாடியில் 61 கிடைத்தது. பூட்டியிருந்தது. வாசலில் மூன்று அலுமினியச் சொம்புகள், தட்டு போட்டு மூடியவை. ஒன்றைத் திறந்தேன். கஞ்சி, மேலே ஆடை கட்டிப் பச்சை பூத்திருந்தது. இரண்டாவதில் எறும்பு. மூன்றாவது மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அதுவரை எனக்கு எரிச்சல்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

கீழே மெஸ்ஸுக்கு ஓடினேன். சமையல்காரர் ஏகாம்பரம் பெரிய கரண்டியோடு சாம்பாரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அறுவத்தொண்ணுக்கு ஜுரக் கஞ்சின்னு சீட்டு வந்துச்சு. டெய்லி வெச்சிகினு தான் சார் கீறேன். எடுக்கல. கொழுப்புன்னு நெனச்சேன்."

"மூன்று நாளாக ஒருவன் கஞ்சியை எடுக்காவிட்டால் யாரிடமாவது சொல்ல மாட்டீர்களா?"

"யார்கிட்ட சார்? சீட்டுல வெக்கச் சொல்லிதான் கீது. துன்னானான்னு பாக்கச் சொல்லலியே."

பக்கத்து அறை நண்பன் திங்கட்கிழமையே ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். பூட்டைப் பார்த்த மற்றவர்கள், ரவியும் வீட்டுக்குப் போயிருப்பான் என்று இருந்துவிட்டார்கள். நான் அந்த மெஸ் வாசலில் நின்று, வயது பத்தொன்பது, ஒல்லி, கண்ணாடி போட்டவன் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா துடைப்பத்தை நிறுத்தினார்.

"மஞ்சக் கண்ணு புள்ளயா? அது காமன் ரூம்ல படுத்துகினு கீது சார். காலைல டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தேன். பாதிதான் துன்னுச்சு."

"இதை யாரிடமும் சொல்லவில்லையா அம்மா?"

"எங்கிட்ட யாரு சார் கேட்டாங்க?"

காமன் ரூம் என்று எந்தக் கதவிலும் எழுதியிருக்கவில்லை; கன்னியம்மாதான் கூட்டிப்போனார். திறப்பு விழா அன்று ஒருநாள் திறந்திருந்ததாம். மாணவர்கள் புழங்கினால் பொருட்கள் கெட்டுவிடும் என்று மறுநாளே பூட்டி, கதவில் 'ஸ்டோர்' என்று எழுதிவிட்டார்கள். உள்ளே உடைந்த கட்டில்கள், பெட்டிக்குள் பூட்டிய டிவி, காகிதம் பிரிக்காத கேரம் பலகை. நடுவில் டேபிள் டென்னிஸ் மேசை. அதன்மேல் ரவி.

கண் இரண்டும் மஞ்சள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, மேல தகடு இருக்கா?"

தொற்றுநோயாக இருக்கலாம், தனியாகப் படுக்கட்டும் என்று வார்டன் திங்கள் மாலை அவனை இங்கே மாற்றியிருக்கிறார். தகட்டைக் கழற்றினால் இடம் போய்விடும் என்று இவன்தான் அதை மேலேயே விடச் சொல்லியிருக்கிறான். காமன் ரூமுக்கு எண் இல்லாததால் எழுத்தரால் அதைப் பதிவேட்டில் எழுத முடியவில்லை. பழைய எண்ணுக்கே கஞ்சிச் சீட்டு போயிருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள்.

12.15-க்குத் தாம்பரம் பஸ். அதை விட்டால் அடுத்தது மூன்று மணிக்கு. வார்டன் அறைக்கு 11.20-க்குப் போனேன். கண்ணியமான மனிதர், நாற்காலி கொடுத்தார். வெளியேறும் படிவத்தை நிரப்பினேன். இருப்பிடம் என்ற கட்டத்தில் காமன் ரூம் என்று எழுதினேன்.

"அதுக்கு நம்பர் இல்லையே சார்."

"61 என்று எழுதட்டுமா?"

"61 பூட்டியிருக்கு. ஆள் இல்லாத ரூம்லேர்ந்து ஆள் போறதா நான் எப்படி சைன் பண்றது?"

"பையனுக்கு மஞ்சள்காமாலை சார்."

"அதுக்குத்தானே தனியா வெச்சேன்."

இதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். எங்கள் பேச்சை ஜன்னல் வழியாகக் கேட்டிருந்த சுடலைமுத்து, பாதி சவரம் செய்த முகத்தோடு, 61-ஆம் தகட்டை மேலேயிருந்து கொண்டுவந்து காமன் ரூம் கதவில் அடித்துக்கொண்டிருந்தான்.

"நம்பர் வந்துட்டு சார்" என்றான் வார்டனிடம். "இனி கையெழுத்துப் போடலாம்லா?"

வார்டன் தகட்டைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மிகுந்த நிம்மதியோடு கையெழுத்துப் போட்டார். சுடலைமுத்துவும் இன்னும் இருவரும் ரவியை ஒரு கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துச் சாலைவரை தூக்கிவந்தார்கள். தாம்பரத்தில் மருத்துவர் பார்த்தது 1.40-க்கு. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்னிடம் வேறு மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும் என்று சொன்னார்.

ரவி திரும்பிப் போக ஆறு வாரம் ஆனது. அதற்குள், தகடு போன மாடி அறை பட்டியலில் அடுத்த பையனுக்குப் போய், காமன் ரூம் முறைப்படி 61 ஆகியிருந்தது. ஒரு மாணவனின் அறையைப் பூட்டிவைக்க வார்டனுக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே கதவு திறந்தே இருந்தது. கேரம் பலகையின் காகிதம் பிரிந்திருந்தது. டிவியைப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிட்டார்கள். கட்டி முடித்து ஆறு வருடம் கழித்து அந்த விடுதிக்கு ஒரு பொது அறை கிடைத்தது. ரவிக்குத்தான் அறை இல்லாமல் போயிற்று. இரவு பத்து மணிவரை தன் கட்டிலில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கடைசி வருடம்வரை புலம்பினான். ஆனால் அதற்குப் பிறகு அவனுக்குத் தலைவலி வந்தால்கூட ஐம்பது பேருக்குத் தெரிந்தது.

வாசகிக்கு: இப்போது ஷேர் ஆட்டோ இருக்கிறது, ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டாம். விடுதிகளில் வண்ண வண்ணமாகத் திசைப்பலகைகள் வைத்திருக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். நல்லதுதான். மகளை விட்டுவரும் அன்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். வாசலிலிருந்து அவள் அறைக்கும், அறையிலிருந்து மெஸ்ஸுக்கும் அவளோடு நடந்து பாருங்கள். பொது அறை எது என்று கேளுங்கள், கேட்டதோடு விடாமல் கதவைத் தள்ளியும் பாருங்கள். பிறகு சமையல் செய்பவரையும் பெருக்க வருபவரையும் தேடிப் போய், இவள் என் பெண் என்று முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். எண்ணைச் சொல்ல வேண்டாம்.